ஹையர், ஹையஸ்ட்: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்வது எப்படி?

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குச் சில வருடம் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஒப்பீட்டுப் பாடம் வந்தபோது எவரெஸ்ட்டையும் கே2 மலையையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். எவரெஸ்ட் 8,849 மீட்டர், கே2 8,611 மீட்டர். ஒரு நோட்டில் ‘எவரெஸ்ட் இஸ் ஹை தேன் கே2’ என்று இருந்தது. இன்னொரு நோட்டில் ‘எவரெஸ்ட் இஸ் மோர் ஹையர் தேன் கே2’. ஒருவன் போடவேண்டியதைப் போடவில்லை. இன்னொருத்தி ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டாள். இரண்டு தவறும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது எனக்கே புரிய நாளாயிற்று. அந்த இடம் நம் தமிழ்தான்.

‘உயரமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எவரெஸ்ட் உயரமான மலை. எவரெஸ்ட் கே2வை விட உயரமான மலை. எவரெஸ்ட் உலகத்திலேயே உயரமான மலை. மூன்று வாக்கியத்திலும் ‘உயரமான’ இருந்தபடியே இருக்கிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒப்பிடுகிற வேலையை ‘விட’வும் ‘இலேயே’வும் பார்த்துக்கொண்டன. இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. வள்ளுவர் ‘மலையினும் மாணப் பெரிது’ என்கிறார். அந்தப் ‘பெரிது’ தனியாக நின்றாலும் பெரிதுதான், மலையோடு ஒப்பிட்டாலும் பெரிதுதான். ஒப்பீடு, மலையோடு ஒட்டிக்கொண்ட ‘இன்’ உருபில் இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருளே ‘இதனின் இற்று இது’ என்பதுதான்: இதைக் காட்டிலும் இது இப்படி. ஆக, எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயர்ச்சொல்லின் தலையில் சுமையை ஏற்றுவது தமிழின் வழக்கம்.

ஆங்கிலம் அந்தச் சுமையைப் பெயரடையின் தலையில் ஏற்றுகிறது. உயரத்தைச் சொல்லும் ‘ஹை’ என்ற சொல்லே உருமாறுகிறது. ஒன்றைப் பற்றி மட்டும் சொன்னால் ஹை. இரண்டை ஒப்பிட்டால் ஹையர். ஒரு கூட்டத்திலேயே முதலிடம் என்றால் ஹையஸ்ட். பள்ளியில் இவற்றை பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் டிகிரி என்று சொல்லிக்கொடுப்பார்கள். இயல்பு வடிவம், ஒப்பீட்டு வடிவம், உச்ச வடிவம் என்று நான் சொல்கிறேன்.

தமிழ்ப் பழக்கத்தில் எழுதுகிற பிள்ளை ‘விட’வுக்குப் பதில் ‘தேன்’ போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கிறது. அதனால் ‘ஹை தேன்’. ஆனால் தேன் என்பது முழு ‘விட’ அல்ல, பாதி ‘விட’தான். மறுபாதி ஹையரில் இருக்கிறது. தேன் இல்லாமலேகூட ஆங்கிலத்தில் ஒப்பிட முடியும். கடையில் ஒரு சட்டையைப் பார்த்துவிட்டு, அடுத்ததைக் கையில் எடுத்து ‘திஸ் இஸ் சீப்பர்’ என்றால் போதும். இது அதைவிட மலிவு என்று அர்த்தமாகிவிடும். எதைவிட என்று சொல்லவே வேண்டியதில்லை. ‘திஸ் இஸ் சீப் தேன் தட்’ என்பதோ எந்தக் காலத்திலும் வாக்கியமாகாது.

(இங்கே ஆங்கிலச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்கிறேன். முதலாவது இதுவே: ஒப்பிடுகிற தேன், டி-ஹெச்-ஏ-என். நடுவில் ஏவுக்குப் பதில் இ போட்டால் ‘அப்புறம்’ என்று பொருள்படும் வேறு சொல் அது.)

விகுதியா, மோரா?

ஒப்பீட்டு வடிவத்தை ஆங்கிலம் இரண்டு வழியில் செய்கிறது. ஒன்று, சொல்லின் கடைசியில் இ-ஆர் சேர்ப்பது. உச்ச வடிவத்துக்கு இ-எஸ்-டி. ஓல்ட், ஓல்டர், ஓல்டஸ்ட். இன்னொன்று, சொல்லைத் தொடாமல் முன்னால் மோர், மோஸ்ட் போடுவது. எக்ஸ்பென்சிவ், மோர் எக்ஸ்பென்சிவ், மோஸ்ட் எக்ஸ்பென்சிவ். எந்தச் சொல்லுக்கு எது என்பதைப் பெரும்பாலும் சொல்லின் நீளம் முடிவுசெய்கிறது.

நீளம் என்றால் எழுத்து எண்ணிக்கை இல்லை, அசை எண்ணிக்கை. யாப்பில் வருகிற நேர், நிரை கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். சொல்லில் எத்தனை உயிரொலி கேட்கிறதோ அத்தனை அசை, அவ்வளவுதான். ஆனால் ஆங்கில உச்சரிப்பில் எண்ண வேண்டும். நம் வாய் ஸ்ட்ராங் என்பதை ‘இஸ்ட்ராங்கு’ என்று மூன்றாக்கும், ஃபாஸ்ட் என்பதை ‘ஃபாஸ்ட்டு’ என்று இரண்டாக்கும். ஆங்கிலத்தில் அவை இரண்டுமே ஓரசைச் சொற்கள்.

ஓரசை என்றால் விகுதி: ஸ்மாலர், லாங்கர், சீப்பர், டீப்பர், ஸ்ட்ராங்கர். மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் மோர்: மோர் பியூட்டிஃபுல், மோர் இம்பார்ட்டன்ட், மோர் இன்டெலிஜென்ட். இவை இரண்டிலும் குழப்பமே வராது. குழப்பம் நடுவில் இருக்கும் ஈரசைச் சொற்களில்தான். அங்கே சொல்லின் கடைசியைப் பார்க்க வேண்டும். ஒய் எழுத்தில் முடிந்தால் விகுதி: ஹேப்பியர், ஈஸியர், ஹெவியர், பிஸியர். ஃபுல், லெஸ், இங், அஸ் என்று முடிந்தால் மோர்: மோர் யூஸ்ஃபுல், மோர் கேர்லெஸ், மோர் போரிங், மோர் ஃபேமஸ். சிம்பிள், கிளெவர், நேரோ, குவயட், பொலைட் போன்ற சில சொற்களுக்கு இரண்டு வழியும் சரி. சிம்பிளர் என்றாலும் மோர் சிம்பிள் என்றாலும் யாரும் தவறு சொல்ல முடியாது. ஒய்யில் முடியாத ஈரசைச் சொல் ஒன்று வந்து சந்தேகமாக இருந்தால் மோர் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

ஓரசையிலும் சில சொற்கள் விகுதியை ஏற்பதில்லை. டயர்ட், போர்ட் மாதிரி வினையிலிருந்து பிறந்தவை அப்படி. ‘மோர் டயர்ட்’ என்றுதான் சொல்வார்கள்.

இப்படி இரண்டு வழி ஏன்? விகுதி ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. பழைய ஆங்கிலத்தில் ‘ரா’, ‘ஓஸ்ட்’, ‘எஸ்ட்’ என்றெல்லாம் இருந்தது தேய்ந்து இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கிறது. மோர், மோஸ்ட் வழி அதற்குப் பிறகு, இடைக்காலத்தில் பரவியது. ஃபிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் நீள நீளமான சொற்கள் ஆங்கிலத்துக்குள் கொத்துக்கொத்தாக வந்த காலம் அது. அதனால்தான் வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சின்னச் சொற்கள் விகுதியோடும், இம்பார்ட்டன்ட், டிஃபிகல்ட் போன்ற வந்தேறிச் சொற்கள் மோரோடும் நிற்கின்றன.

சரி, ‘மோர் ஹையர்’ ஏன் தவறு? மோர் என்பதே ஓர் ஒப்பீட்டு வடிவம். மச், மோர், மோஸ்ட் என்று வருகிற வரிசையின் நடுச்சொல். ஹையரும் ஒப்பீட்டு வடிவம். ஒரு வேலைக்கு இரண்டு ஆள். ஆனாலும் அந்தப் பெண் அப்படி எழுதியதில் ஒரு நியாயம் இருந்தது. 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடகங்களிலேயே இந்த இரட்டை வடிவம் தாராளமாக வரும். அழுத்தம் கொடுப்பதற்காக அப்படி எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இலக்கண ஆசிரியர்கள் இது கூடாது என்று ஒதுக்க, எழுத்து ஆங்கிலத்திலிருந்து அது போய்விட்டது. இன்று மோர் பெட்டர், மோர் ஈஸியர் எல்லாம் தேர்வில் மதிப்பெண்ணையும் நேர்முகத்தில் மதிப்பையும் குறைப்பவை.

எழுத்துக்கூட்டலுக்கு நம் புணர்ச்சி விதி

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஏனென்றால் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமே இல்லை.

பிக் என்பது பி-ஐ-ஜி. பிகர் என்று ஆகும்போது பி-ஐ-ஜி-ஜி-இ-ஆர்: ஜி இரட்டிக்கிறது. ஹாட், ஹாட்டர்: டி இரட்டிக்கிறது. தின், தின்னர்: என் இரட்டிக்கிறது. ஆனால் சீப், சீப்பர் என்பதில் பி ஒன்றுதான். டீப், டீப்பர் என்பதிலும் ஒன்றுதான். லாங், லாங்கர், ஃபாஸ்ட், ஃபாஸ்டர் எதிலும் இரட்டிப்பு இல்லை. இதை ஆங்கிலப் புத்தகங்கள் ‘மெய், உயிர், மெய் என்ற வரிசை இருந்தால் கடைசி மெய்யை இரட்டி’ என்று சொல்லும். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துவிடுவார்கள்.

நன்னூல் விதியை நினைத்துப் பாருங்கள்: ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’. கண் என்பதில் தனிக்குறில், அதன்பின் ஓர் ஒற்று. இல்லை என்று உயிர் வந்தால் கண்ணில்லை, ண் இரட்டுகிறது. கால் என்பதில் நெடில். அதனால் காலில்லை, ல் இரட்டவில்லை. பிக் கண் மாதிரி. சீப் கால் மாதிரி. குறில் ஒன்று, ஒற்று ஒன்று, பின்னால் இ-ஆர் என்று உயிரில் தொடங்கும் விகுதி: இரட்டும். நெடிலாக இருந்தால் இரட்டாது. (ஹாட், சேட் போன்றவற்றைத் தமிழில் நெடிலாக எழுதினாலும் ஆங்கிலத்தில் அவற்றின் உயிர் குறில்தான்.) கடைசியில் இரண்டு மெய்யெழுத்து இருந்தாலும், லாங், ஃபாஸ்ட் மாதிரி, இரட்டாது. இதைச் சொன்ன அன்று ஒரு பையன் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் ஆங்கிலத்தில் ஜோடி தேடினான். பல், பல்லை. சேட் (வருத்தமான), சேட்டர். நாள், நாளை. ஸ்வீட், ஸ்வீட்டர்.

இரண்டு மொழிக்கும் இதில் உறவு ஏதும் இல்லை, தற்செயலான ஒற்றுமைதான். காரணமும் வேறு. தமிழில் இரட்டிப்பு காதுக்குக் கேட்கும். ஆங்கிலத்தில் அது கண்ணுக்கு மட்டும், குறிலைக் குறிலாகவே படி என்று காட்டும் அடையாளம். ஹாட்டரை ஒற்றை டி போட்டு எழுதினால் ஆங்கிலம் படிப்பவர் அதை ‘ஹோட்டர்’ என்று நீட்டிப் படித்துவிடுவார். இதற்கு நல்ல சான்று லேட் என்ற சொல். எல்-ஏ-டி-இ-ஆர் என்றால் லேட்டர், நேரத்தில் பிந்தியது. டியை இரட்டித்து எல்-ஏ-டி-டி-இ-ஆர் என்றால் உயிர் குறுகிய இன்னொரு சொல், சொன்ன இரண்டில் பின்னதைக் குறிப்பது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு ஒப்பீட்டு வடிவங்கள். ஒரு டிதான் அவற்றைப் பிரித்து நிறுத்துகிறது. டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய மூன்று எழுத்துகள் மட்டும் எங்கும் இரட்டுவதில்லை: ஸ்லோவர், நியூவர் எல்லாவற்றிலும் டபிள்யூ ஒன்றே ஒன்று.

அடுத்தது இ எழுத்தில் முடியும் சொற்கள். லார்ஜ், நைஸ், வைட் எல்லாம் எழுத்தில் இ என்று முடிகின்றன. இ-ஆர் சேரும்போது இரண்டு இ வர வேண்டும், வருவதில்லை; ஒன்று விலகிக்கொள்கிறது. காசு, இல்லை சேர்ந்தால் காசில்லை என்று ஆகும்போது சுவில் இருந்த உகரம் ஓடிவிடுகிறதே, ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’, அதே போல.

மூன்றாவது ஒய். ஹேப்பி என்பது ஒய்யில் முடியும். ஹேப்பியர் என்று எழுதும்போது அந்த ஒய் ஐ எழுத்தாக மாறிவிடும்: ஹெச்-ஏ-பி-பி-ஐ-இ-ஆர். ஈஸியர், ஹெவியர், டிரையர் எல்லாம் அப்படித்தான். ஒய்க்கு முன்னால் மெய்யெழுத்து இருந்தால்தான் இந்த மாற்றம். கிரே என்ற சாம்பல் நிறத்தில் ஒய்க்கு முன் இ இருப்பதால் ஒய் அப்படியே நிற்கும். காதால் கேட்டால் ஹேப்பிக்கும் அர்ருக்கும் நடுவில் ஒரு ய் வந்து உட்கார்வது தெரியும். மணி, அடித்தது சேர்ந்து மணியடித்தது ஆகும்போது வருகிற அதே உடம்படுமெய்.

உச்சரிப்பில் ஒரு சின்னச் சலுகையும் நமக்கு உண்டு. லாங், ஸ்ட்ராங், யங் என்ற மூன்று சொற்களிலும் கடைசி ஜியை ஆங்கிலேயர் தனியாக ஒலிக்க மாட்டார்கள். ஆனால் லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர் என்று ஆனதும் ஜி வெளியே வந்துவிடும். மற்ற நாட்டு மாணவர்கள் பலர் இதைத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. தங்கம், சங்கம் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அது தானாக வரும்.

விதிக்குள் அடங்காதவை

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். மச் அல்லது மெனி, மோர், மோஸ்ட். ஃபார், ஃபர்தர், ஃபர்தஸ்ட். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

ஏன் இப்படி என்று கேட்காத பிள்ளை இல்லை. குட் ஒரு வேரிலிருந்து வந்தது, பெட்டரும் பெஸ்ட்டும் வேறொரு வேரிலிருந்து வந்தவை. அந்த இரண்டாவது வேரின் இயல்பு வடிவம் வழக்கில் இல்லை; ஒப்பீட்டு வடிவங்கள் மட்டும் குட்டோடு வந்து ஒட்டிக்கொண்டன. வொர்ஸுக்கும் பேடுக்கும்கூட வேர் ஒன்றல்ல. தினமும் ஆயிரம் தடவை வாயில் வருகிற சொற்கள் என்பதால் பழைய வடிவம் தேயாமல் அப்படியே நின்றுவிட்டது. அரிதாகப் புழங்கும் சொற்கள்தான் விதிக்குள் சீக்கிரம் வந்துவிடும்.

இன்னும் இரண்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பக்கத்தில் என்று பொருள்படும் நியர், அடுத்தது என்று பொருள்படும் நெக்ஸ்ட் ஆகிய இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல்லின் ஒப்பீட்டு வடிவமும் உச்ச வடிவமுமாக இருந்தவை. மூலச்சொல் ‘நை’, இன்று பழைய கவிதைகளில்தான் பார்க்க முடியும். நியர் என்றால் இன்னும் பக்கம், நெக்ஸ்ட் என்றால் மிக மிகப் பக்கம். மக்கள் நியரை ஒப்பீட்டு வடிவம் என்பதையே மறந்து இயல்புச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதன்மேல் இன்னொரு விகுதி போட்டு நியரர், நியரஸ்ட் என்று உண்டாக்கிக்கொண்டார்கள். லேட் என்ற சொல்லின் பழைய உச்ச வடிவம்தான் லாஸ்ட்.

ஓல்ட் என்பதற்கு ஓல்டர், எல்டர் என்று இரண்டு வடிவம். பழைய விகுதியில் இருந்த ஓர் இகர ஒலி முன்னால் நின்ற உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றியது. அந்த மாற்றத்தின் மிச்சம் எல்டர். இன்று அது பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான்: மை எல்டர் பிரதர் என்றால் அண்ணன், மை எல்டர் சிஸ்டர் என்றால் அக்கா. தமிழ்நாட்டில் அடிக்கடி காதில் விழுகிற ‘ஹி இஸ் எல்டர் தேன் மீ’ சரியில்லை. எல்டர், தேனோடு சேராது. ‘ஹி இஸ் ஓல்டர் தேன் மீ’ என்று சொல்ல வேண்டும்.

தேனோடு சேராத இன்னொரு கூட்டமும் உண்டு: சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர். இவை லத்தீன் மொழியிலேயே ஒப்பீட்டு வடிவமாகி வந்தவை. சீனியர் என்றால் லத்தீனில் ‘அதிக வயதானவர்’, ஜூனியர் என்றால் ‘இன்னும் இளையவர்’. கடைசியில் இருக்கும் ‘யர்’தான் அந்த மொழியின் விகுதி. ஒலிம்பிக் வாசகமான ‘சிட்டியுஸ், ஆல்டியுஸ், ஃபோர்டியுஸ்’ என்பதில் வருகிற யுஸ் அதே விகுதியின் இன்னொரு முகம். ஆங்கிலத்தில் அதை ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர் என்று மூன்று ஒப்பீட்டு வடிவங்களாகச் சொல்கிறார்கள். 1894லிருந்து அந்த மூன்றுதான் இருந்தன; 2021ல் ‘ஒன்றாக’ என்ற பொருளில் நான்காவது சொல் சேர்ந்தது. லத்தீன் வழி வந்த இந்தச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் தேன் வராது, டு வரும். ‘ஷி இஸ் சீனியர் டு மீ’. மோர் சீனியர் தேன் என்றும் இப்போது சொல்கிறார்கள், அலுவலகத்தில் பதவியைப் பற்றிப் பேசும்போது அது பரவலாக இருக்கிறது. ‘சீனியர் தேன் மீ’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

தி, இன், ஆஃப்

உச்ச வடிவத்துக்கு முன்னால் ‘தி’ வர வேண்டும். எவரெஸ்ட் இஸ் தி ஹையஸ்ட் மவுண்டன் இன் தி வேர்ல்ட். தமிழில் இந்தச் சுட்டு இல்லாததால் நாம் மறந்துவிடுகிறோம். உச்சத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதானே. இன்னது என்று கை நீட்டிக் காட்டிவிடலாம். அப்படிக் காட்டுகிற விரல்தான் ‘தி’. மை, அவர், ஹிஸ் போன்ற உடைமைச் சொல் வந்துவிட்டால் அது அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், தி வேண்டாம்: மை பெஸ்ட் ஃபிரெண்ட்.

இடத்தைச் சொன்னால் இன், கூட்டத்தைச் சொன்னால் ஆஃப். ‘தி ஹையஸ்ட் இன் ஆசியா’, ‘தி ஹையஸ்ட் ஆஃப் தி த்ரீ’. தமிழில் ‘ஆசியாவில்’, ‘மூன்றில்’ என்று ஒரே ‘இல்’ இரண்டையும் பார்த்துக்கொள்வதால் எல்லா இடத்திலும் இன் போடும் பழக்கம் வந்துவிடுகிறது.

இருப்பதே இரண்டுதான் என்றால் உச்ச வடிவம் வேண்டாம், ஒப்பீட்டு வடிவமே போதும். ஆனால் அப்போதும் தி வரும். ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டில் உயர்ந்தது ஆனைமுடி: ஆனைமுடி இஸ் தி ஹையர் ஆஃப் தி டூ.

‘மிகப் பெரிய நகரங்களில் ஒன்று’ என்பதற்கு ‘ஒன் ஆஃப் தி பிகஸ்ட் சிட்டீஸ்’. இங்கே பலரும் சிட்டி என்று ஒருமையில் எழுதிவிடுகிறார்கள். இது எனக்குப் புரியாத தவறு, ஏனென்றால் தமிழே நமக்குச் சரியாகச் சொல்லித்தருகிறது. ‘நகரத்தில் ஒன்று’ என்று யாரும் சொல்வதில்லை, ‘நகரங்களில் ஒன்று’ என்றுதான் சொல்கிறோம். இந்த ஓர் இடத்தில் தமிழை அப்படியே பின்தொடரலாம்.

எவ்வளவு அதிகம்?

‘ரொம்ப’ என்றால் வெரி என்று படித்திருப்பீர்கள். வெரி பிக் சரி. வெரி பிகர் தவறு. ஒப்பீட்டு வடிவத்துக்கு முன்னால் வெரி நிற்காது; மச் அல்லது ஃபார் நிற்கும். வியாழனின் விட்டம் பூமியின் விட்டத்தைப் போல் சுமார் 11 மடங்கு. ஜூபிடர் இஸ் மச் லார்ஜர் தேன் தி எர்த். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் எ லிட்டில். எவரெஸ்ட்டுக்கும் கே2வுக்கும் 238 மீட்டர்தான் வித்தியாசம், மலைகளின் கணக்கில் சொற்பம்: எவரெஸ்ட் இஸ் எ லிட்டில் ஹையர் தேன் கே2.

குறைத்துச் சொல்ல லெஸ், லீஸ்ட் உண்டு. லெஸ் எக்ஸ்பென்சிவ் என்பது இயல்பாக ஒலிக்கும். ஆனால் சின்னச் சொற்களோடு, லெஸ் ஹை என்பது மாதிரி, அவ்வளவாகச் சேராது. அதற்கு ஆங்கிலம் வேறு பாதையில் போகும்: கே2 இஸ் நாட் ஆஸ் ஹை ஆஸ் எவரெஸ்ட். எவரெஸ்ட் அளவுக்கு கே2 உயரமில்லை. ஆஸ் என்பதற்கும் ஆஸ் என்பதற்கும் நடுவில் பெயரடை எப்போதும் இயல்பு வடிவத்தில்தான் இருக்கும், அங்கே ஹையர் வரக்கூடாது.

இந்த ஆஸ் வாக்கியம் கையில் வந்துவிட்டால் தேர்வில் கேட்கிற ‘டிகிரி மாற்று’ கேள்வி பயமுறுத்தாது. ஒரே செய்தியை மூன்று வடிவத்திலும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உச்சத்தில்: எவரெஸ்ட் இஸ் தி ஹையஸ்ட் மவுண்டன் இன் தி வேர்ல்ட். ஒப்பீட்டில்: எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி அதர் மவுண்டன் இன் தி வேர்ல்ட். இயல்பில்: நோ அதர் மவுண்டன் இன் தி வேர்ல்ட் இஸ் ஆஸ் ஹை ஆஸ் எவரெஸ்ட். சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல் முதலில் தமிழில் சொல்லிப்பாருங்கள். எவரெஸ்ட்தான் உலகிலேயே உயரமான மலை. மற்ற எந்த மலையை விடவும் எவரெஸ்ட் உயரம். எவரெஸ்ட் அளவுக்கு உயரமான மலை வேறு எதுவும் இல்லை. மூன்றும் ஒன்று என்பது தானாகத் தெரியும். ‘அதர்’ ஏன் கட்டாயம் என்பதும் தெரியும்: அதை விட்டுவிட்டால் எவரெஸ்ட்டும் உலகத்து மலைகளில் ஒன்றாகையால் அது தன்னைவிடவே உயரம் என்று ஆகிவிடும். ஒப்பீட்டிலும் இயல்பிலும் அதர் விடுபட்டால் மதிப்பெண் போகும்.

‘ஒன் ஆஃப் தி’ வந்தால் கூட்டாளிகள் உண்டு என்று அர்த்தம், அதனால் ‘வேறு எதுவும் இல்லை’ என்று மாற்ற முடியாது. சென்னை இஸ் ஒன் ஆஃப் தி பிகஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா என்பதை ஒப்பீட்டுக்குக் கொண்டுபோனால், சென்னை இஸ் பிகர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இந்தியா. இயல்புக்கு: வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை. சென்னை அளவுக்குப் பெரிய நகரங்கள் வெகு சிலவே. இதில் இஸ் என்பது ஆர் ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? எழுவாய் சென்னையிலிருந்து நகரங்களுக்கு மாறிவிட்டது. அவசரத்தில் விட்டுவிடுகிற இடம் இது.

கடைசியாக ஒரு வாக்கிய அமைப்பு. ‘தி மோர் யூ ரீட், தி பெட்டர் யூ ரைட்.’ முதல் தடவை பார்க்கிறவருக்கு இது வாக்கியமாகவே தோன்றாது. ஒப்பீட்டு வடிவத்துக்கு முன்னால் தி ஏன் வந்தது, அதுவும் இரண்டு தடவை? இந்த தி, நாம் மேலே பார்த்த தி இல்லை. எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்தில் ‘அது’ என்னும் சுட்டுச்சொல்லுக்கு ஒரு வேற்றுமை வடிவம் இருந்தது. ‘அதனால்’, ‘அந்த அளவால்’ என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தின் வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் தேய்ந்து போனபின்னும் இந்த ஒரு மூலையில் அது தங்கிவிட்டது. இதைச் சொன்னால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும். எவ்வளவுக்கு எவ்வளவு படிக்கிறாயோ, அவ்வளவுக்கு அவ்வளவு நன்றாக எழுதுவாய்.